டிக்கிக்கு மூடி இல்லாத கார்: தவளைக்கண்ணோடு 11 வருடம்

போன கிழமை இரவு ஒன்பதரைக்குக் கூட்டாளி ஒருவன் தொலைபேசி எடுத்தான். கண்டிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஒன்று விலைக்கு நிற்கிறதாம். சின்ன இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், அதில் முதல் மாதிரி. பொனற்றின்மேல் விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரிப் பிதுங்கி நிற்பதால் தவளைக்கண் என்பார்கள். 2020இல் மூடிய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு சொந்தக்காரர் கேட்கிற தொகை இரண்டு தரம் இறங்கிவிட்டதாம்.

"நீதானே 11 வருசமா வச்சிருக்கிறாய். எடுக்கட்டோ, விடட்டோ? ஒரு சொல்லில சொல்லு மச்சான்."

ஒரு சொல் இருந்தது. ஆனால் அன்று பின்னேரம்தான் கராஜிலிருந்து காரை எடுத்து வந்திருந்தேன், பில் இன்னும் சட்டைப் பையில் கிடந்தது. அந்த நேரத்தில் வாயில் வந்த சொல்லை எழுத்தில் போட முடியாது. "ஆறுதலா எழுதி அனுப்புறன்" என்று வைத்துவிட்டேன். அதுதான் இது.

948 சிசி, 43 குதிரைவலு, ஏறக்குறைய 660 கிலோ, தள்ளிவிட்டால் மணிக்கு 80 மைல். இதெல்லாம் அவனுக்கே தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1958 மே மாதம் மொனாக்கோவில் காட்டி, 1961 வரை செய்த 48,987 கார்களில் ஒன்று வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். இந்தக் காருக்கு டிக்கி இருக்கிறது. டிக்கிக்கு மூடி இல்லை.

விளங்கவில்லையா? எனக்கும் முதல் நாள் விளங்கவில்லை. தெஹிவளையில் ஒரு பறங்கியப் பெரியவரின் வீட்டில்தான் இதைப் பார்த்தேன். மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவர் கொண்டுவந்து, கை மாறி மாறி அவரிடம் வந்தது. முன்பக்கத்தைப் பார்த்து மயங்கியபிறகு பின்னால் போய்க் கைபிடியைத் தேடினேன். தடவிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். ஆற்றுக்கல் மாதிரி வழுவழுவென்று வளைந்து இறங்குகிறது தகடு, ஒரு கோடுகூட இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். எத்தனை பேரை இப்படித் தடவ விட்டிருப்பாரோ. பிறகு இடப்பக்க இருக்கையை முன்னுக்குச் சாய்த்து, அதற்குப் பின்னால் இருந்த இருட்டைக் காட்டினார். பெட்டி, படுக்கை, ஸ்பெயார் வீல், ஜக்கு எல்லாம் அந்தக் குகைக்குள்தான். போவதும் வருவதும் அந்த ஒரு வழியால்தான். எனக்கும் அன்று அது சிரிப்பாகத்தான் இருந்தது.

நியாயமாகச் சொன்னால் காரணம் இருக்கிறது. டொனல்ட் ஹீலி செய்ய நினைத்தது மலிவான ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இயந்திரம், கியர்பெட்டி, முன் சஸ்பென்ஷன் எல்லாம் ஒஸ்டின் ஏ35இலிருந்து வந்தவை. ஸ்டியரிங் மொறிஸ் மைனருடையது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அடியில் ஏணி போல ஒரு தனிச் சட்டம் இருக்கும், உடல் அதன்மேல் மாட்டிய சட்டை மாதிரி. இதில் அப்படி இல்லை. தளமும் உடலும் ஒன்றாகப் பற்றவைத்தவை, அதனால் பின்பக்கத் தகடும் பாரம் தாங்குகிறது. பின் ஸ்பிரிங்குகளோ கால்வாசி நீள வகை. ஒரு நுனி இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டிக்குள் இறுகியிருக்கும், மற்ற நுனி அச்சைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நீட்டி நிற்கும். அந்த முதுகில் பெரிய ஓட்டை வெட்டினால் விறைப்புக் குறையும். மூடி, பிணைச்சல், பூட்டு, ரப்பர் என்று செலவும் ஏறும். கண் வந்த கதையும் இதுதான். விளக்குகள் வேலை இல்லாத நேரம் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்து, போட்டால் எழும்புகிற மாதிரித்தான் முதலில் வரைந்தார்கள். செலவு கூடுகிறது என்று எழும்பிய நிலையிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தில் காருக்கு ஒரு முகம் கிடைத்தது. டிக்கிச் சிக்கனத்தில் எனக்கு முதுகுப்பிடிப்புக் கிடைத்தது.

கதவுக்கு வெளியே கைபிடி இல்லை, பூட்டும் இல்லை. கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். கண்ணாடி ஏற்றி இறக்குகிற வேலையும் இல்லை, மழை வந்தால் பக்கத் திரையைச் செருக வேண்டும். முன் பம்பர், ஹீட்டர் எல்லாம் விரும்பினால் காசு கட்டி வாங்க வேண்டியவை. என் காருக்கு யாரோ புண்ணியவான் ஹீட்டருக்குக் காசு கட்டியிருக்கிறார். கொழும்பில் ஹீட்டர்! இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை, பழகிவிட்டது. டிக்கி மட்டும் பழகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒக்டோபரில், பின்னேர மழைக்குள் டூப்ளிகேஷன் வீதியால் வந்துகொண்டிருந்தேன். கொள்ளுப்பிட்டிச் சந்தி தாண்டியதும் இடப்பக்கப் பின் சக்கரம் இருந்துவிட்டது. ஆணி. ஓரம்கட்டி இறங்கியதும் ஓட்டோக்காரர் ஒருவர் குடையோடு உதவிக்கு வந்தார். நல்ல மனிதர். நேரே பின்னால் போய் என்னைப் போலவே தடவினார்.

"என்ஜின் பின்னுக்கா சேர்?"

"இல்லை, முன்னுக்கு."

"அப்ப டயர்?"

"உள்ளுக்கு."

"எப்பிடி எடுக்கிறது?"

காட்டினேன். இருக்கையைச் சாய்த்து, டோர்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, தலையையும் தோளையும் குகைக்குள் விட்டேன். கூரைத் துணி போட்டிருந்தபடியால் இடம் இன்னும் பாதி. கால் இரண்டும் கதவுக்கு வெளியே மழையில். உள்ளே பெற்றோல் மணம், ஈரச் சாக்கு மணம், அதோடு வேறு ஏதோ ஒரு மணம். ஸ்பெயார் வீலைக் கட்டியிருந்த பட்டியின் கொளுவி கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. ஒரு கையால் அதை இழுத்துக்கொண்டு மற்றக் கையை ஊன்ற இடம் தேடியபோது மயிர் முளைத்த உருண்டை ஒன்று தட்டுப்பட்டது. நான் போட்ட சத்தத்தில் டோர்ச் விழுந்தது. வெளியே ஓட்டோக்காரர் என் காலைப் பிடித்து இழுத்தார். பிறகுதான் தெரிந்தது, அது தேங்காய். ஆடிவேலுக்கு வாங்கிய நாலில் மூன்றுதான் வீட்டுக்கு வந்தது என்று மனைவி அப்போதே சொன்னாள், கடைக்காரனைத்தான் திட்டினோம். பாவம் அந்த மனிதர். தேங்காய் வால் பக்கம் உருண்டு போய், புரட்டாதி முழுக்க அங்கேயே கிடந்து கண் அழுகியிருக்கிறது.

சக்கரம் வெளியே வர 40 நிமிடம். அதை மாற்ற 10 நிமிடம். பழுதான சக்கரத்தை அந்த ஈரத்தோடு திரும்ப உள்ளே தள்ள மனம் வரவில்லை, பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சரி, இவ்வளவு கோபம் இருப்பவன் 11 வருடம் ஏன் வைத்திருந்தான்?

ஞாயிறு காலை ஐந்தரைக்கு மெரைன் டிரைவில் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் காலி வீதி இன்னும் எழும்பவில்லை. வலப்பக்கம் தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். ஸ்டியரிங்கை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்குத் திருப்ப இரண்டரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். விரலை அசைத்தால் மூக்குத் திரும்பும். இருக்கை நிலத்திலிருந்து ஒரு சாண் என்று சொல்லலாம், 40 மைலில் போனாலே 80இல் போகிற மாதிரி இருக்கும். வேகமான காரை மெதுவாக ஓட்டுவதைவிட மெதுவான காரை வேகமாக ஓட்டுவது எவ்வளவோ மேல். கொழும்பில் அது ஒன்றுதான் நடக்கும்.

பழைய கார்ச் சந்திப்புகளில் இதைப் பொம்மைக் கார் என்பார்கள். ஈ டைப் ஜாகுவார் வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவருடைய பொனற் நீளம்தான் என் முழுக் கார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். 1959இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணித்தியாலப் பந்தயத்தில் அதன் பிரிவில் முதல் மூன்று இடமும் இந்தப் பொம்மைதான். அடுத்த வருடம் அங்கேயே 4 மணித்தியாலப் பந்தயத்தில் பந்தய வீரர் ஸ்டேர்லிங் மொஸ் ஸ்பிரைட்டில் இரண்டாவதாக வந்தார். 1962இல் நடிகர் ஸ்டீவ் மக்குயின்கூட அங்கே ஓட்டினார். நம் நாட்டிலும் அந்தக் காற்று அடித்த இடங்கள் உண்டு. நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. கட்டுக்குருந்தையில் போர்க்காலத்து விமான ஓடுபாதையே பந்தயத் தடமானது. நான் பந்தயம் ஓடியவனில்லை. ஆனால் ஒரு ஏப்ரல் சீசனில் ரம்பொடையால் இதை ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டாம் கியரில் ஒவ்வொரு வளைவிலும் வால் பக்கம் கொஞ்சம் தானாகத் திரும்பிக் கொடுக்கும். அந்தக் கால்வாசி ஸ்பிரிங்கின் குணம் அது. முதல் வளைவில் வயிறு கலங்கும், பத்தாவது வளைவில் அதற்காகவே அடுத்த வளைவைத் தேடுவீர்கள். ஒரு லொறிக்குப் பின்னால் அரை மணித்தியாலம் ஊர்ந்ததையும் சொல்ல வேண்டும். அந்தச் சூட்டில் பெற்றோல் ஆவியாகி என்ஜின் இருமியது, ஓரமாக நிறுத்தித் தேத்தண்ணி குடித்த பிறகுதான் மீண்டும் எடுத்தது.

நான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்று கொழும்பின் வாகன உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. வாங்கும்போது எல்லோரும் சொன்னது, பார்ட்ஸ் கிடைக்காது, இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று. ஆனால் இந்த நாடு மொறிஸ் மைனர் நாடு. மொறிஸ் மைனர் 1000 என்ற மாதிரியில் இருப்பதும் அதே 948 சிசி ஏ சீரிஸ் என்ஜின்தான். ஸ்பிரைட்டுக்கு எஸ்.யு. காபரேட்டர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறார்கள், வால்வு ஸ்பிரிங் கொஞ்சம் பலம், அவ்வளவுதான். பிஸ்டன் ரிங், கஸ்கட், டிஸ்ரிபியூட்டர் மூடி எல்லாம் கடைக்காரர் ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துத் தருவார். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். "மைனருக்கா?" என்று கேட்பார். "ஓம்" என்று சொல்ல வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்று வாய் தவறினால் அதே கஸ்கட் இரண்டு மடங்கு. காரைத் தள்ளி இரண்டு தெரு தாண்டி நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது. டயரும் அப்படித்தான். 13 அங்குலம், சின்ன ஜப்பான் கார்களின் அளவு, எந்தச் சந்தியிலும் கிடைக்கும். பற்றறியில் மட்டும் கவனம். இதில் நேர்முனைதான் உடலோடு இணைப்பு. பழக்கதோஷத்தில் மாற்றிக் கொழுவுகிற ஆள் எல்லா கராஜிலும் ஒருவர் இருப்பார்.

2022 பெற்றோல் வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் பங்கீட்டுக்கான கியூ.ஆர். பதிவுக்கு அடிச்சட்ட இலக்கம் கேட்டார்கள். தகட்டைத் துடைத்து ஏ.என்.5 என்று தொடங்குகிற இலக்கத்தை அடித்தபோது, இதற்கெல்லாம் கணினி மசியுமா என்று நினைத்தேன். மசிந்தது. வரிசை நகர்கிற ஒவ்வொரு முறையும் பெரிய ஜீப்காரர்கள் ஸ்டார்ட் பண்ணி, இருந்த சொட்டையும் எரித்தார்கள். நான் கியரை நியூட்ரலில் விட்டு, கதவோரமாக நின்று, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். தனி ஆளாக. அன்று அந்த வரிசையில் என்னைப் பார்த்துப் பொறாமைப்படாத ஆள் இல்லை.

இலக்கத்தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னுடையது 1959 கார், ஆகவே நடுவில் சிங்கள எழுத்தில் ஸ்ரீ. 1957இல் அந்த எழுத்து வந்தபோது வடக்குக் கிழக்கில் எழுந்த எதிர்ப்பும், 1958இல் அந்த எழுத்தின்மேல் தார் பூச வாளியோடு இறங்கியதும் வீட்டில் கேட்டு வளர்ந்த கதை. பெரிய மாமா அப்போது பள்ளிக்கூடம் விட்ட பெடியன். இப்போது 85 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்குக் காரைக் காட்டினேன். சுற்றிப் பார்த்தார், கண்ணைத் தட்டிப் பார்த்தார், தகட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "தார் கிடக்கோ தம்பி?" என்றார். பிறகு ஏறி இருந்து, காலிமுகத்திடல் வரை போய் வரச் சொன்னார். போகும் வழியெல்லாம் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

இனி அந்த பில்.

கீழ்த்தளத்தில் நின்றாலும் வெள்ளவத்தைக் கடற்காற்று எங்கும் வரும். கூரைத் துணியால் ஒழுகுகிற மழைத்தண்ணி டிக்கிக்குள் போய்த் தங்கும். மற்றக் கார் என்றால் வெயிலில் நிறுத்தி மூடியைத் திறந்து காய விடலாம். இதை எப்படிக் காய விடுவது? மேசை விசிறி ஒன்றை இருக்கைக்குப் பின்னால் வைத்து இரவு முழுக்க ஓட விடுவேன், பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என்னவென்று கேட்கவில்லை. அதுவும் போதவில்லை. உள்ளேயிருந்து கறள் தின்று, பின் ஸ்பிரிங்கின் வேர் இறுகியிருக்கிற பெட்டி இடப்பக்கம் பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது. ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது பின்னால் 'கடக்' என்றது, கார் ஒரு பக்கம் சரிந்து நின்றது. இந்தக் காரை வாங்குகிற எவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான், நான் தாமதமாகப் பார்த்தேன்.

வெல்டிங் செய்த பாஸ் மருதானைப் பக்கத்து நானா. அறுபது தாண்டிய மெல்லிய மனிதர். அதனால்தான் உள்ளே போக முடிந்தது. மூன்று நாள் அந்தக் குகைக்குள் படுத்துக் கிடந்து அழுகிய தகட்டை வெட்டிப் புதியது பற்றவைத்தார். பெற்றோல் தாங்கி டிக்கியின் தளத்துக்குக் கீழேதான் இருப்பதால் அதைக் கழற்றி எடுத்துவைத்த பிறகே நெருப்பைக் கிட்டக் கொண்டுபோனார். நாலாம் நாள் நான் போனபோது கண் இரண்டும் சிவந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தம்பி, இதுக்குள்ள இனி ஒருக்காப் பூற ஏலா."

"விளங்குது நானா."

"விளங்கினாச் சரியா? கிரைண்டரக் கொண்டாந்து வெட்டிப் போடுவம். சுத்திவர உள்ளுக்கு ஒரு சட்டம் வெச்சா விறைப்புக் கொறயாது. மைனர்ட பிணைச்சல் ரெண்டு கெடக்கு. ஒரு நாள் வேல."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சோக்கை எடுத்தார். அந்த வழுவழுப்பான முதுகில் அளவுகோல் இல்லாமல் ஒரு சதுரம் போட்டார். மூலைகளை வளைத்து, நடுவில் கைபிடிக்கு ஒரு புள்ளி. கையில் அவ்வளவு நிதானம். பார்த்தவுடன் நெஞ்சு பதறியது. அடுத்த நிமிடம் அந்தச் சதுரத்துக்குள் ஸ்பெயார் வீல், தேங்காய், மடித்த கூரை எல்லாம் நின்ற நிலையில் எடுத்து வைப்பதாக ஒரு காட்சி வந்தது. 11 வருடக் கோபம். ஒரு நாள் வேலை.

"யோசிச்சுச் சொல்லுறன் நானா" என்று சொல்லிவிட்டு, காசைக் கட்டி, காரை அப்படியே எடுத்து வந்தேன். அன்றிரவுதான் கூட்டாளி தொலைபேசி எடுத்தான்.

மச்சான், உனக்குப் பதில்: எடுக்காதே. உனக்கு இடுப்பு வலி இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், கண்டியில் மழை. 1961இல் வந்த மார்க் 2 ஸ்பிரைட்டைத் தேடு, அல்லது அதன் இரட்டையான எம்.ஜி. மிட்ஜெட்டை. டிக்கிக்கு மூடி இருக்கும், பிறகு வந்தவற்றில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் இருக்கும். என்ஜினுக்கு அதே பஞ்சிகாவத்தை. முகம் மட்டும் யாருடையது என்று சொல்ல முடியாத முகம், ஆனால் ஓட்டுகிறவனுக்கு முகம் தெரியவா போகிறது? எல்லாக் கணக்கிலும் அதுதான் நல்ல கார். நான் இதை வாங்கியபோது யாராவது இப்படி எழுதித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டிருக்க மாட்டேன், அது வேறு.

போய்ப் பார்ப்பதென்றால் இருக்கையைச் சாய்த்து, டோர்ச் அடித்து, அந்த ஸ்பிரிங் பெட்டியை ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பார். ஸ்க்ரூட்ரைவர் உள்ளே போனால் திரும்பி வந்துவிடு. போகாவிட்டால் எனக்கு ஒரு கோல் எடு.

நானா நேற்றும் கேட்டார், எப்போது கொண்டுவருகிறாய் என்று. அடுத்த கிழமை என்றேன். சோக்குச் சதுரம் இன்னும் முதுகில் இருக்கிறது. மழை வரும்போல இருந்தால் காரை வெளியே எடுப்பதில்லை. ஞாயிறு கழுவும்போதும் முன்பக்கம், கதவு, சக்கரம் எல்லாம் கழுவிவிட்டு, பின்னால் வந்து துணியைப் பிழிந்துவிட்டேன்.